பிளந்த பரலும் பெருங்காற்றும்: நிலைக்குத்து அச்சுக் காற்றாலையின் கதை

பெரியப்பாவின்ர வளவில, கிணத்தடிக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் இடையில ஒரு ஜீ.ஐ. பைப் இண்டைக்கும் நிக்குது. அடியில கொங்கிறீற். மேல் நுனி ஒரு பக்கமாக வளைஞ்சிருக்கும். சின்ன வயசில அது கொடி கட்டுற கம்பம் எண்டுதான் நினைச்சிருந்தன். 2022 பங்குனிக் கடைசியில நாடு முழுக்க 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்களில, விறாந்தையில இருட்டுக்குள்ள இருந்து கதைச்சுக்கொண்டிருக்கேக்கதான் அதின்ர உண்மைக் கதை வெளியில வந்தது.

யாழ்ப்பாணத்துக்கு 1990இல் போன கரண்ட் பிறகு பல வருசம் வரவேயில்லை. மண்ணெண்ணெய் பவுண் விலை. ரோச் பற்றறி தடை செய்யப்பட்ட சாமான். ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சுத் திரி போட்டு விளக்கு எரிச்சதும், சைக்கிளைக் கவிழ்த்து வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில பிபிசி தமிழோசை கேட்டதும் எங்கட தலைமுறைக்குக் கதையாகத்தான் தெரியும். எங்கட வீட்டில பெடல் சுத்தினது அப்பா. அவர் களைச்சுப்போனால் செய்தி பாதியில நிண்டிடும். அதைப் பார்த்துத்தான் பெரியப்பாவுக்கு யோசனை வந்ததாம்: ஆள் சுத்துறதைக் காத்துச் சுத்தினால் என்ன?

ஒரு வெறும் எண்ணெய்ப் பரலை நெடுக்குவாட்டில இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியையும் எஸ் எழுத்து மாதிரிச் சரிச்சுப் பொருத்தி, ஒரு பழைய சைக்கிள் சில்லின்ர கப்பில ஏத்தி, அந்தச் சில்லின்ர றிம்மில டைனமோவை உரசவிட்டு, பைப்பின்ர நுனியில நிப்பாட்டினார். நாலு நாள் நல்லா ஓடிச்சுதாம். ஐந்தாம் நாள் இரவு சோளகம் எழும்பிச்சுது. விடியப் பார்த்தால் பைப் வளைஞ்சு கிடக்குது, பரல் பக்கத்து வளவுக் கோழிக்கூட்டுக்கு மேல. கோழி செத்ததுக்குக் காசும் குடுத்து, ஊரின்ர பகிடியையும் வாங்கி, பெரியப்பா அதோட அந்த வேலையை விட்டிட்டார். “படிப்பில்லாதவன் விஞ்ஞானம் செய்தால் உதுதான்” எண்டு 30 வருசத்துக்குப் பிறகும் தன்னைத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்த வசனம் எனக்குள்ள கிடந்து குடைஞ்சது. வரலாறு படிக்கிற ஆள் எண்ட முறையில, இதே வேலையைச் செய்த மற்ற ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டு தேடத் தொடங்கினன். இந்தக் கட்டுரை அந்தத் தேடல்தான்.

காற்றாலை எண்டவுடன எங்களுக்கு ஞாபகம் வாறது மன்னாரில நிக்கிற மூன்று இதழ் வெள்ளைக் கோபுரங்கள். அவற்றின் அச்சு கிடையானது. காற்று எந்தத் திசையில் வருகிறதோ அந்தத் திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நிலைக்குத்து அச்சுக் காற்றாலை வேறு சாதி. அச்சு தரைக்குச் செங்குத்தாக நிற்கும், பம்பரம் மாதிரி. எந்தத் திசையில் இருந்து காற்று வந்தாலும் சுற்றும். பாரமான மின்பிறப்பாக்கியைக் கோபுரத்தில் ஏற்றத் தேவையில்லை, கீழே வைக்கலாம். வீட்டில் செய்பவர்கள் திரும்பத் திரும்ப இந்த வடிவத்துக்கே வருவதற்குக் காரணம் இதுதான்.

பழைய காலத்துக்குப் போனால் முதலில் வந்ததும் இந்த வடிவந்தான். பத்தாம் நூற்றாண்டு அரபு எழுத்தாளர் அல் மசூதி, ஈரானின் கிழக்கு எல்லையை அண்டிய சீஸ்தான் பகுதியை காற்றும் மணலும் நிறைந்த நாடாகவும், காற்றால் ஆலை ஓட்டும் நாடாகவும் சொல்கிறார். அந்தப் பக்கத்தில் வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வீசும் காற்றுக்கு ‘நூற்றிருபது நாள் காற்று’ என்றே பெயர். மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டி அடிக்கக்கூடிய காற்று அது. அதே வலயத்தில் உள்ள நஷ்திபான் என்ற ஊரில் களிமண், வைக்கோல், மரம் ஆகியவற்றால் கட்டிய ஆலைகள் இன்னும் நிற்கின்றன. சில 20 மீற்றர் வரை உயரம்.

அந்த ஆலைகளின் படத்தை முதலில் பார்க்கும்போது கண்ணில் படுவது மரப்பலகை இதழ்கள். ஆனால் விசயம் சுவரில் இருக்கிறது. நிலைக்குத்து அச்சில் ஒரு பக்க இதழ் காற்றோடு போகும்போது மறுபக்க இதழ் காற்றை எதிர்த்து வரும், ஒன்று மற்றதைத் தடுக்கும். நஷ்திபான்காரர் எதிர்த்து வரும் பாதிக்கு முன்னால் சுவரைக் கட்டி மறைத்துவிட்டார்கள். அந்தச் சுவர்களே கட்டடத்தின் எலும்பும் கூட. அச்சின் கீழ் முனை ஆலைக் கல்லோடு இணைந்து நிற்கிறது. மேல் முனையைச் சுவருக்குச் சுவர் போட்ட ஒரு பெரிய குறுக்கு உத்திரம் பிடித்துக்கொள்கிறது. இரண்டு முனையும் பிடிபட்ட அச்சு. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பெரியப்பாவின்ர பைப்புக்குத் திரும்பி வருவம்.

இனி ஸ்கொட்லாந்து. கிளாஸ்கோவில் அன்டர்சன் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் பிளைத், 1887 ஆடி மாதம் மேரிகேர்க் என்ற கிராமத்தில் இருந்த தன் விடுமுறை வீட்டுத் தோட்டத்தில் துணிப்பாய் கட்டிய காற்றாலை ஒன்றை நிறுத்தினார். அதில் இருந்து சேமிப்புக்கலங்களை மின்னேற்றி வீட்டுக்கு விளக்கெரித்தார். காற்றில் இருந்து மின்சாரம் எடுத்த முதல் வீடு என்று பலரும் குறிப்பிடுவது இதைத்தான். மிஞ்சின மின்சாரத்தை ஊர்ப் பெருந்தெருவுக்குத் தாறன் என்று மனுசன் கேட்டிருக்கிறார். ஊர்ச்சனம் அது பிசாசின் வேலை என்று மறுத்துவிட்டதாம். (கோழிக்கூட்டுக்குச் சிரிச்ச சனம் பரவாயில்லை எண்டு தோன்றினது எனக்கு.)

பிளைத் ஒரே வடிவத்தில் நிற்கவில்லை. பாய் கட்டிய ஆலை பெருங்காற்றில் சேதமாகும் ஆபத்து இருந்தது. அவர் தேடியது, பக்கத்தில் ஆள் நிற்காமலே ஓடக்கூடிய, புயலையும் தாங்கக்கூடிய ஒரு இயந்திரம். அதைக் காற்றுவேகமானியில் கண்டுபிடித்தார். வானிலை நிலையங்களில் நான்கு கிண்ணம் சுற்றிக்கொண்டிருக்குமே, ரொபின்சன் 1846இல் அமைத்தது, அதே கருவி. பிளைத் கிண்ணங்களைப் பெரிதாக்கி, அரை உருளைப் பெட்டிகளாக நிலைக்குத்து அச்சில் பூட்டினார். இதில் ஒரு அருமையான குணம் உண்டு. கிண்ணத்தைக் காற்றுத் தள்ளுகிறது, அவ்வளவுதான். எதிர்ப்பக்கக் கிண்ணமும் எப்பவும் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால் கிண்ணம் காற்றின் வேகத்தில் ஒரு பங்கைத்தான் எட்ட முடியும், காற்றை முந்த முடியாது. எவ்வளவு காற்று அடித்தாலும் இயந்திரம் தன் வேகத்தைத் தானே அடக்கி வைத்திருக்கும். மந்தமான இயந்திரம், வலுவும் குறைவு. ஆனால் 1895இல் மொன்ட்ரோஸ் மனநல மருத்துவமனைக்காகக் கட்டப்பட்ட அவரது திருத்திய காற்றாலை ஏறத்தாழ 30 வருசம் ஓடியது. அதைக் கட்டியவர் 1906இலேயே இறந்துவிட்டார்.

பரலைப் பிளக்கும் யோசனைக்கு உரியவர் பின்லாந்தின் சிகுர்ட் சவோனியஸ். 1924இல் ஜேர்மனியில் அன்ரன் பிளெட்னர் பாய்க்குப் பதிலாகச் சுழலும் உருளைகளை வைத்துக் கப்பல் ஓட்டிக் காட்டியிருந்தார். அந்த உருளையைச் சுற்ற ஒரு மோட்டர் தேவைப்பட்டது. காற்றே சுற்றிவிடுகிற உருளை வேண்டும் என்று தேடிய சவோனியஸ், உருளையை நெடுக்காகப் பிளந்து இரண்டு பாதியையும் பக்கவாட்டில் நகர்த்தினார். நடுவில் விட்ட இடைவெளியால் ஒரு பாதியில் பட்ட காற்று மற்றப் பாதியின் முதுகுக்குள் போய் அதையும் தள்ளும். 1960களில் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரேஸ் ஆய்வு நிறுவனம், எண்ணெய்ப் பரலைப் பிளந்து நீர் இறைக்கும் சவோனியஸ் காற்றாலையை வீட்டிலேயே செய்வது எப்படி என்று ஒரு கைநூலே போட்டது. பெரியப்பா அதைக் கண்டதில்லை. அவர் தன்பாட்டில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் பார்ப்பம். நான் கலைப்பீடம், விஞ்ஞானபீட நண்பர் ஒருத்தர் சரிபார்த்துத் தந்தது, பிழை எண்டால் அவரைப் பிடியுங்கோ. ஒரு 200 லீற்றர் பரலைப் பிளந்து விரித்தால் காற்றை மறிக்கும் பரப்பு ஏறத்தாழ 0.9 சதுர மீற்றர். காற்று செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் வந்தால் அந்தப் பரப்பூடாகப் போகும் வலு 67 வாற்றுக்குக் கிட்ட. வீட்டில் செய்த சவோனியஸ் அதில் 15 வீதத்தைப் பிடித்தாலே பெரிய விசயம். ஆக 10 வாற்று. ஒரு ரேடியோவுக்கும் சின்ன பல்புக்கும் காணும், மனுசன் பிழையாக யோசிக்கவில்லை. சில்லின்ர றிம்மில டைனமோவை உரசவிட்டதும் கெட்டித்தனம்: பரல் நிமிசத்துக்கு 100 தரம் கூடச் சுத்தாத காற்றிலயும் பெரிய றிம் சின்ன டைனமோத் தலையை ஆயிரக்கணக்கில் சுற்றிவிடும்.

சிக்கல் வேற இடத்தில. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு, கொண்டுவரும் வலு எட்டு மடங்கு. மூன்று மடங்கானால் வலு 27 மடங்கு. 10 வாற்றுக்காகச் செய்த சாமானுக்குள் சோளகம் 270 வாற்றைத் தள்ளும். 6 வோல்ற் 3 வாற்று டைனமோ அதை எப்படிப் பிடித்து வைக்கும்? பிடிக்க ஒன்றும் இல்லாத பரல் நிமிசத்துக்கு 400 தரத்துக்கு மேல் சுற்றத் தொடங்கும். கையால் வெட்டின பரலில் ஒரு பாதி மற்றதைவிட 200 கிராம் பாரம் கூட என்று வையுங்கள். 400 சுற்றில் அந்த 200 கிராம் ஏறத்தாழ 18 கிலோ பாரத்தின் இழுவையாக மாறும். அதுவும் ஒரு பக்கம் இழுக்காது, செக்கனுக்கு ஏழு தரத்துக்குக் கிட்டச் சுற்றிச் சுற்றி இழுக்கும். பரல் இருந்ததோ கீழ் முனை மட்டும் பிடிபட்ட பைப்பின் நுனியில். சைக்கிள் கப் நேராக நிற்கும் சில்லுக்காகச் செய்தது, தலைக்கு மேல் ஆடும் 15, 20 கிலோ இரும்புக்காக இல்லை. பைப் வளைந்ததில் ஆச்சரியமே இல்லை, நாலு நாள் நின்றதுதான் ஆச்சரியம்.

அப்ப பெரியப்பா சொன்னதுதான் சரியோ, படிப்பு இருந்திருந்தால் உடைஞ்சிருக்காதோ? இந்தக் கேள்விக்கு நான் கண்ட பதில் கனடாவில் கிடைத்தது.

பிரெஞ்சுப் பொறியியலாளர் ஜோர்ஜ் டரியூ 1920களில் வேறு ஒரு நிலைக்குத்து அச்சுக் காற்றாலைக்குக் காப்புரிமை எடுத்தார். அதில் கிண்ணம் இல்லை. விமான இறக்கை மாதிரி மெல்லிய இதழ்கள், வில்லாக வளைந்து மேலும் கீழும் அச்சோடு சேரும். இரண்டு பிள்ளைகள் கயிறடிக்கும்போது கயிறு எடுக்கும் வளைவு அது. அந்த வளைவில் சுற்றும்போது இதழை வெளியே எறியும் விசை முழுவதும் இழுவையாக மட்டும் மாறும், இதழை முறிக்காது. காற்றுத் தள்ளிச் சுற்றும் சாமான் இல்லை இது. காற்று இதழைத் தூக்கி இழுக்கிறது, அதனால் இதழ் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும். பிளைத்தின் கிண்ணத்துக்கு இருந்த தன்னடக்கம் இதற்குக் கிடையாது. டரியூவின் யோசனை பல வருசம் மறந்து கிடந்தது. 1960களின் கடைசியில் கனடாவின் தேசிய ஆராய்ச்சிச் சபையில் பீற்றர் சவுத், ராஜ் ரங்கி என்ற இருவர் அதே வடிவத்துக்குத் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள்.

1977இல் அந்தச் சபையும் ஹைட்ரோ கியூபெக்கும் சேர்ந்து, சென் லோரன்ஸ் வளைகுடாவில் இருக்கும் மக்டலென் தீவுகளில் 230 கிலோவாற்று டரியூ காற்றாலை ஒன்றை நிறுத்தின. உலகத்தின் திறமான காற்றியல் மூளைகள் சில வேலை செய்த சாமான். டரியூ வகைக்கு ஒரு பலவீனம் உண்டு என்று எல்லோரும் நம்பினார்கள்: நின்ற நிலையில் இருந்து அது தானாகத் தொடங்காது, மோட்டர் பிடித்துச் சுற்றிவிட வேண்டும். 1978 ஆடியில் பராமரிப்பு வேலைக்காகப் பிரேக்கின் பாகத்தைக் கழற்றினார்கள். தானாகத் தொடங்காத இயந்திரம்தானே, பிரேக் இல்லாமல் விட்டால் என்ன? அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். காற்று வந்தது. இயந்திரம் தானாகவே தொடங்கியது. வலுவை உறிஞ்ச மின்பிறப்பாக்கியும் இணைப்பில் இல்லை, நிறுத்தப் பிரேக்கும் இல்லை. வேகம் ஏறிக்கொண்டே போய், பிடித்திருந்த இழுகம்பி விட்டுப்போக, முழுக் காற்றாலையும் நிலத்தில் விழுந்தது.

இதை வாசிச்ச இரவு எனக்கு நித்திரை வரேல்லை. கோழிக்கூடு மட்டுந்தான் குறைவு, மிச்சமெல்லாம் அதே கதை.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் புளோவின்ட் என்ற நிறுவனம் 1980களில் நூற்றுக்கணக்கில் டரியூ காற்றாலைகளை நட்டது. ஒவ்வொரு சுற்றிலும் இதழின் மேல் விழும் விசை முன்னும் பின்னும் திசை மாறும், கம்பியை வளைத்து வளைத்து முறிப்பது மாதிரி. அலுமினிய இதழ்கள் அப்படியே களைத்துப்போய் வெடித்தன. 1997இல் நிறுவனம் வங்குரோத்து. கியூபெக்கின் கப் சா என்ற இடத்தில் 110 மீற்றர் உயரத்தில் எழுந்த ‘இயோல்’ உலகத்திலேயே மிகப் பெரிய நிலைக்குத்து அச்சுக் காற்றாலை. அதுவும் 1993இல் நின்றுபோனது. காரணம் அடிப் பேரிங். மேலே நிற்கும் முழுப் பாரமும் அதன் தலையில்தான் இருந்தது. இண்டைக்கு உலகம் முழுக்க மூன்று இதழ் கிடை அச்சுக் காற்றாலையே நிற்பதற்கு இந்த உடைவுகளும் ஒரு காரணம். முழுக் காரணமும் அதுதான் என்று சொல்ல மாட்டேன், பணம் எந்தப் பக்கம் போனது என்பதும் இருக்கிறது. கிடை அச்சுக்காரர் பெருங்காற்றில் இதழைத் திருப்பிக் காற்றை வழுக விடுகிறார்கள். வளைந்த டரியூ இதழைத் திருப்ப வழியில்லை.

பரலைப் பிளக்க நினைக்கும் ஆட்கள் இப்பவும் இருக்கிறார்கள், எங்கட கம்பஸிலேயே இரண்டு பேரைத் தெரியும். அவர்களுக்கு நான் சொன்னது இதுதான். எவ்வளவு கரண்ட் வரும் எண்டு கேக்க முதல், இது எப்படி நிக்கும் எண்டு கேளுங்கோ. பைப் நுனியில் ஏற்றாமல் ஒரு சட்டத்துக்குள் வைத்து, மேலேயும் கீழேயும் பேரிங் போட்டு, சட்டத்தை நாலு பக்கமும் இழுகம்பியால் கட்ட வேணும். ஒரு பரலுக்குப் பதிலாக இரண்டை ஒன்றுக்கு மேல் ஒன்றாக, மேலது கீழதுக்குக் குறுக்காக இருக்கிற மாதிரி வைத்தால் உதறல் நல்லாக் குறையும். ஏற்ற முதல் அச்சைக் கிடையாகப் படுத்தி, கையால் சுற்றிவிட்டு, எந்தப் பக்கம் திரும்பத் திரும்பக் கீழே வந்து நிற்குது எண்டு பார்த்து எதிர்ப்பக்கத்தில் பாரம் ஒட்ட வேணும். பிரேக் கட்டாயம். அது நிலத்தில் நின்று ஒரு கயிற்றை இழுத்தால் பிடிக்கிற பிரேக்காக இருக்க வேணும், ஏனெண்டால் சோளகத்துக்குள்ள சுத்துற பரலுக்குக் கிட்டப் போகக்கூடாது. கழற்றி வேலை செய்யேக்க அச்சைக் கயிற்றால் கட்டிவிட்டுத்தான் பிரேக்கில் கை வைக்க வேணும். மக்டலென் தீவுக்காரர் அதைச் செய்திருந்தால் காணும்.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் பெரியப்பாவுக்குச் சொன்னன். மக்டலென் கதையை இரண்டு தரம் சொல்ல வைச்சார். “எஞ்சினியர்மாரோ பிள்ளை? படிச்ச ஆக்களோ?” எண்டு கேட்டார். ஓம் எண்டன். கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு நஷ்திபான் படத்தைப் போனில காட்டினன். கண்ணாடியைப் போட்டு, விரலால பெரிசாக்கி, இதழுகளையும் சுவரையும் தாண்டிப் போய் மேல இருக்கிற அந்தக் குறுக்கு உத்திரத்தில நிப்பாட்டினார்.

“உதைத்தான் நான் போடேல்லை” எண்டார். “பனஞ்சிலாகை இரண்டு கிடந்தது. போட்டிருக்கலாம்.”

எழும்பிப்போய் அந்த பைப்பை ஒருக்கா ஆட்டிப் பார்த்தார். கொங்கிறீற் அசையேல்லை.